ஓட்டு: பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா?

உங்கள் வீட்டில் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும் பெண் இருந்தால் இந்தத் தொல்லை உங்களுக்குப் புதிதல்ல. இங்கிலீஷ் நோட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்கே வந்து நிற்பாள். "அம்மா, 'வோட்' என்பது நவுனா, வெர்பா?" என்று கேட்பாள். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே நீங்கள், "நவுன்தான், போ" என்பீர்கள். "அத்தை வெர்ப் என்று சொன்னாளே!" என்பாள். நாத்தனாருக்கும் உங்களுக்கும் இலக்கணத்தில்கூட ஒத்துப்போகவில்லையே என்று உங்களுக்குக் கோபம் வரும்.

வேண்டாம், கோபம் வேண்டாம். அத்தை சொன்னதும் சரி, நீங்கள் சொன்னதும் சரி. கேள்வியில்தான் கோளாறு. ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தனியாகப் பிடுங்கி எடுத்து, "நீ எந்த ஜாதிச் சொல்?" என்று கேட்டால் அது பதில் சொல்லாது. வாக்கியத்தில் அதை உட்காரவைத்து, அங்கே அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போயிருக்கிறீர்களா? கல்லணையைத் தாண்டிக் கிழக்கே வரும் காவிரி அந்த ஊரில் ஒரு கிளையைப் பிரித்துவிடுகிறது. அதற்குக் குடமுருட்டி என்று பெயர். தண்ணீர் என்னவோ ஒரே தண்ணீர்தான். மதகுக்கு இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் குடமுருட்டி. எந்த வாய்க்காலில் ஓடுகிறதோ அந்தப் பெயர். 'வோட்'டும் அப்படியே. 'மை வோட்', 'ஹெர் வோட்' என்று முன்னால் யாருடையது என்று சொல்லும் வார்த்தை வந்தால் அது பெயர்ச்சொல். 'ஐ வோட்', 'ஷி வில் வோட்' என்று வந்தால் வினைச்சொல். குடமுருட்டி என்ற பெயரையே பாருங்களேன்: குடம் என்பது பெயர், உருட்டுவது வினை. இரண்டும் சேர்ந்து ஒரு நதிக்குப் பெயராகிவிட்டது!

தமிழில் இந்தக் குழப்பம் குறைவு. தொல்காப்பியரும் நன்னூலாரும் சொற்களை நான்காகத்தான் பிரித்தார்கள்: பெயர், வினை, இடை, உரி. இங்கிலீஷ்காரர்களுக்கு எட்டு. நமக்கு நான்கே போதுமாக இருப்பதற்குக் காரணம், நம்முடைய சொற்கள் தங்கள் ஜாதகத்தை வாலிலேயே எழுதி வைத்திருக்கின்றன. 'தேர்' என்ற ஒரு வேரை எடுத்துக்கொள்ளுங்கள். 'தேர்ந்தாள்' என்றால் வினை முற்றிவிட்டது. செய்தவள் பெண், ஒருத்தி, காரியம் முடிந்துவிட்டது என்பதெல்லாம் அந்த ஒரே சொல்லில் அடக்கம். 'தேர்தல்' என்றால் தொழிற்பெயர். 'தேர்ந்த' என்றால் பெயரெச்சம்; அடுத்து ஒரு பெயர் வந்தே ஆக வேண்டும். 'தேர்ந்து' என்றால் வினையெச்சம். ஆனால் வாலை வெட்டிவிட்டு வெறும் 'தேர்' என்றால்? நாலு வீதியும் அசைந்து வருமே, அந்தத் தேரா, அல்லது 'பொறுக்கி எடு' என்று உத்தரவிடுகிற தேரா? 'ஓட்டு' கதையும் அதுதான். 'மாட்டை ஓட்டு' என்றால் வினை. 'ஓட்டு வீடு' என்றால் கூரை ஓடு. 'ஓட்டுப் போட்டேன்' என்றால் இங்கிலீஷிலிருந்து வந்து நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்ட பெயர்ச்சொல்.

இங்கிலீஷிலும் வால் பார்க்கும் வித்தை கொஞ்சம் உண்டு. 'மெண்ட்', 'ஷன்' என்று முடிந்தால் பெரும்பாலும் பெயர்: கவர்ன்மெண்ட், பார்லிமெண்ட், எலக்‌ஷன், நாமினேஷன். 'எலக்டோரல்', 'கான்ஸ்டிட்யூஷனல்' போல 'அல்' என்று முடிந்தால் அட்ஜெக்டிவ். இதை மனப்பாடம் செய்துகொண்டு பெண் பரீட்சைக்குப் போனால், 'ப்ரபோசல்' என்று ஒன்றைக் கொடுத்துக் காலை வாரிவிடுவார்கள். 'அல்' என்று முடிந்தும் அது பெயர்! 'பெட்டிஷன்' பெயராகவும் இருக்கும், 'மனுச் செய்' என்ற வினையாகவும் இருக்கும். அமெரிக்காவில் நவம்பரில் தேர்தல் முடிந்து ஜனவரி 20 அன்று பதவி ஏற்கும் வரையில் ஜெயித்தவரை 'பிரசிடென்ட் எலக்ட்' என்கிறார்கள். 'எலக்ட்' என்ற வினை அங்கே அட்ஜெக்டிவ் வேஷம் போட்டுக்கொண்டு, அதுவும் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. ஆகையால் வாலை மட்டும் நம்பாதீர்கள்.

இந்த வார்த்தைகளோடேயே ஆயுள் முழுவதும் குடித்தனம் நடத்தியவர் ஒருவர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்திலேயே பிறந்திருக்கிறார். 1864-ல் பழமார்நேரியில் பிறந்த சர் பி. எஸ். சிவசாமி அய்யர்தான் அவர். சென்னை ராஜதானியின் அட்வகேட் ஜெனரல், கவர்னரின் நிர்வாக சபை அங்கத்தினர், சர்வகலாசாலைத் துணைவேந்தர், பிறகு டில்லி சட்டசபை அங்கத்தினர் என்று அவர் வகித்த பதவிகள் பல. அவர் பொருள் கொடுத்து வளர்த்த, அவர் பெயரையே தாங்கிய பள்ளிக்கூடம் இன்றும் திருக்காட்டுப்பள்ளியில் நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் இங்கிலீஷ் இலக்கணத்தோடு மல்லுக்கு நிற்கும்போது, தங்கள் பள்ளியின் பெயரில் இருப்பவர் அந்த இலக்கணத்தைச் சட்டசபையில் வாதமாகவே பிரயோகித்தவர் என்பதை நினைத்துக்கொள்ளலாம். 1921 மார்ச்சில், இந்திய ராணுவத்தைப் பற்றி ஈஷர் கமிட்டி கொடுத்த அறிக்கையின் மேல் அவர் வரிசையாகத் தீர்மானங்கள் கொண்டுவந்தார். அங்கே 'மூவ்' என்பது நகர்வது அல்ல, தீர்மானத்தை முன்மொழிவது. அதன் பெயர்ச்சொல் 'மோஷன்'. அதை ஆதரிக்க இன்னொருவர் எழுந்தால் அவர் 'செகண்ட்' செய்கிறார். 'இரண்டாவது' என்ற எண்ணுப்பெயர் சட்டசபைக்குள் நுழைந்தவுடன் வினையாகிவிடுகிறது!

சட்டசபை என்பது இப்படிச் சொற்களை உத்தியோகம் மாற்றும் இலாகா. நாற்காலி அங்கே நாற்காலி அல்ல. 'சேர்' என்றால் சபாநாயகர். மேஜை அங்கே வினை. அதிலும் ஒரு வேடிக்கை: இங்கிலாந்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று அர்த்தம், அமெரிக்காவில் 'டேபிள்' செய்தால் இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நரி வேட்டையில் நாய்கள் சிதறாமல் பார்த்துக்கொள்கிற ஆளிடமிருந்து வந்த பெயர் 'விப்'. நம் சட்டமன்றத்தில் அவரைக் 'கொறடா' என்கிறோம். அதற்கும் அர்த்தம் சாட்டைதான். ஓட்டெடுப்பில் 'ஏய்' என்றும் 'நோ' என்றும் கத்துகிறார்களே, அவை ஆம், இல்லை என்ற வெறும் பதில்கள். உடனே சபாநாயகர் அவற்றுக்குப் பன்மை விகுதி சேர்த்து 'ஏய்ஸ்', 'நோஸ்' என்று ஆட்களாக்கி எண்ணிவிடுகிறார். நாமும் 'ஆம் என்போர்', 'இல்லை என்போர்' என்று வினையாலணையும் பெயர் போட்டுக்கொண்டோம். இதில் தமிழ்தான் நாகரிகம் என்பது என் அபிப்பிராயம்.

லத்தீன் வார்த்தைகளின் கதை இன்னும் விசேஷம். 'வீட்டோ' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். லத்தீனில் அது ஒரு முழு வாக்கியம்: 'நான் தடுக்கிறேன்.' தன்மை ஒருமை வினைமுற்று! இங்கிலீஷில் வந்து பெயர்ச்சொல்லாக உட்கார்ந்துவிட்டது. வேட்பு மனுவோடு 'அஃபிடவிட்' தாக்கல் செய்கிறார்களே, அதுவும் 'அவர் சத்தியம் செய்திருக்கிறார்' என்ற வினைமுற்றுதான். 'மாண்டமஸ்' என்ற கோர்ட் உத்தரவு 'நாங்கள் கட்டளையிடுகிறோம்' என்பது. சபை கூடப் போதுமான ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் 'கோரம்' என்ற சொல்லோ, லத்தீனில் 'எவர்களுடைய' என்று பொருள்படும் வெறும் பிரதிப்பெயர். 'கேண்டிடேட்' என்றால் வெள்ளை அணிந்தவன். ரோமாபுரியில் பதவிக்கு நிற்பவர்கள் பளிச்சென்ற வெள்ளை அங்கி உடுத்துக்கொண்டு ஓட்டுக் கேட்டார்கள். நம் ஊர் வேட்பாளர்களின் வெள்ளை வேட்டியைப் பார்க்கும்போது இரண்டாயிரம் வருஷத்தில் தையல் மட்டுமே மாறியிருக்கிறது என்று தோன்றுகிறது அல்லவா? முன்பு அவர்களை 'அபேட்சகர்' என்றார்கள். 'வேட்பாளர்' பிறகு வந்தது. 'வேள்' என்றால் விரும்பு. உடையைப் பார்த்துப் பெயர் வைத்தது லத்தீன். உள்ளே இருக்கும் ஆசையைப் பார்த்துப் பெயர் வைத்தது தமிழ்.

இதெல்லாம் இருக்கட்டும். பெயரா, வினையா, பிரதிப்பெயரா என்பது பரீட்சை மார்க்குக்கு மட்டும் ஆகிற விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்களுக்கு ஓட்டு உண்டா இல்லையா என்பதே ஒரு காலத்தில் இந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தில் 1867-ம் வருஷத்துச் சட்டம் இன்ன சொத்துள்ள ஒவ்வொரு 'மேன்' என்பவருக்கும் ஓட்டு என்றது. அதற்கு முன்பே 1850-ல் இன்னொரு சட்டம், ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று சொல்லியிருந்தது. அப்படியானால் எங்களுக்கும் ஓட்டு உண்டு என்று மான்செஸ்டரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பெயர் பதியக் கேட்டார்கள். 1868-ல் கோர்ட்டு முடியாது என்றது. வரி கேட்கும் சட்டத்தில் ஆண்பால் என்றால் பெண்ணும் அடக்கம். ஓட்டுச் சட்டத்தில் ஆண்பால் என்றால் ஆண் மட்டும்தான்! இப்படிப்பட்ட இலக்கணத்தை எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தாரோ தெரியவில்லை.

நம் தேசத்தில் 'பெர்ஸன்' என்ற சொல் வந்து வழி மறித்தது. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, 'ஆள்' என்று அர்த்தம் தரும் சாதுவான பெயர்ச்சொல். கல்கத்தாவில் சட்டம் படித்துத் தேறிய ரெஜினா குஹா என்ற பெண்மணி 1916-ல் வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்டபோது, சட்டத்தில் இருக்கும் 'பெர்ஸன்' என்ற சொல் பெண்களைக் குறிக்காது என்று ஹைகோர்ட்டில் தீர்ப்பாயிற்று. பெண்களும் வக்கீலாகலாம் என்று 1923-ல் தனியாக ஒரு சட்டமே செய்ய வேண்டியிருந்தது. கனடாவிலும் இதே வழக்குத்தான். ஐந்து பெண்கள் 'நாங்கள் பெர்ஸனா, இல்லையா?' என்று கேட்டார்கள். அந்த தேசத்து உச்ச நீதிமன்றம் 1928-ல் இல்லை என்றது. லண்டன் பிரிவி கௌன்ஸில் 1929-ல், ஆம் என்றது.

சென்னைக்கு இதில் பெருமை உண்டு. 1917 டிசம்பரில் மாண்டேகு துரை சென்னைக்கு வந்தபோது சரோஜினி தேவியாரின் தலைமையில் பெண்கள் கூட்டம் ஒன்று அவரைப் பார்த்தது. அவர்கள் கொடுத்த மனுவின் சாரம் என்ன தெரியுமா? ஓட்டுரிமைச் சட்டம் எழுதும்போது பெண்களையும் 'பீப்பிள்' என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களைத் தள்ளிவைக்காத வார்த்தைகளாகப் பார்த்து எழுதுங்கள் என்பதுதான். 'ஜனங்கள்' என்றால் நாங்களும் ஜனங்கள்தாம் என்று ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பொருள் சொல்லவே தூது போக வேண்டியிருந்தது! சவுத்பரோ கமிட்டி இதற்குச் சம்மதிக்கவில்லை. 1919-ம் வருஷத்துச் சட்டம், அந்தந்த மாகாண சபை தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று கை கழுவியது. 1921-ல் சென்னைச் சட்டசபைதான் மாகாணங்களில் முதலாவதாகப் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. ஆனால், சொத்தும் வரியும் உள்ள பெண்களுக்கு மட்டும். அத்தனை பேருக்கும் அல்ல. 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சபையின் உபதலைவியாகவே அமர்ந்துவிட்டார்.

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று சுதந்திர இந்தியாவில் முதல் தேர்தல் 1951 கடைசியில் ஆரம்பித்து 1952-ல் முடிந்தது. அப்போது வந்த சங்கடம் இன்னொரு இலக்கணப் பாடம். ஓட்டர் பட்டியல் எடுக்க வந்தவர்களிடம், வட இந்தியாவில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னாருடைய சம்சாரம்', 'இன்னாருடைய அம்மா' என்றுதான் சொன்னார்கள். அந்நிய மனிதரிடம் பெண் பெயரைச் சொல்லுவது வழக்கமில்லை. பட்டியலுக்கு வேண்டியது 'ப்ராப்பர் நவுன்', அதாவது இடுகுறியாக ஒருத்திக்கு மட்டும் உரிய சிறப்புப் பெயர். 'சம்சாரம்' என்பதும் 'அம்மா' என்பதும் 'காமன் நவுன்', உலகத்துக்கெல்லாம் பொதுவான பெயர். முதல் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாத பதிவை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்தத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

அவர் செய்தது கொடுமை என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'இன்னார் சம்சாரம்' என்று அன்றைக்குப் பதிந்துகொண்டிருந்தால், இன்றைக்கும் அப்படியே இருந்திருக்கும். நம் பக்கத்து வழக்கம் வேறு மாதிரி. தன் பெயரைச் சொல்லிவிடுவாள், புருஷன் பெயரைத்தான் சொல்லமாட்டாள். பட்டியல் எழுத வந்தவர் 'க/பெ' என்று கேட்டுவிட்டால், குழந்தையைக் கூப்பிட்டு, "அப்பா பேர் என்னடா, சொல்லு" என்பாள். முருகன் என்ற பெயருக்காகக் குன்றுதோறாடுகிற கடவுளைக் கையால் சுட்டிக் காட்டிய பாட்டிமார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு பக்கம் 28 லட்சம் பேருக்குப் பெயரே பதியவில்லை. இன்னொரு பக்கம் பாருங்கள், ஒரு மனிதருடைய பெயர் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. அயர்லாந்தில் பண்ணை மேனேஜராக இருந்த காப்டன் பாய்காட் என்பவரோடு, 1880-ல் ஊர் ஜனங்கள் பேச்சு வார்த்தை, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அன்று முதல் 'பாய்காட்' வினையாயிற்று. 1928-ல் ஸைமன் கமிஷன் வந்தபோது நாம் பாய்காட் செய்ததும் அவர் பெயரால்தான்.

நம் அரசியல் சட்டம் 326-ம் பிரிவில் ஓட்டுரிமையை ஒவ்வொரு 'பெர்ஸன்' என்பவருக்கும் கொடுக்கிறது. இந்தத் தடவை அந்தச் சொல்லுக்குள் பெண் இருக்கிறாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆரம்பத்தில் 21 வயது. 1989 முதல் 18. ஆனால் அதே சட்டத்தில் ஜனாதிபதியைக் குறிக்கும் பிரதிப்பெயர் 'ஹி'தான். 2007-ல் பிரதிபா பாட்டீல் வந்த பிறகும் 'ஹி', 2022-ல் திரௌபதி முர்மு வந்த பிறகும் 'ஹி'. ஆண்பால் பெண்ணையும் உள்ளடக்கும் என்ற 1897-ம் வருஷத்துச் சட்டம் இதற்குத் துணை நிற்கிறது.

இந்தச் சங்கடம் தமிழுக்கு இல்லை. வாக்காளர், வேட்பாளர், உறுப்பினர், அமைச்சர், தலைவர் என்று எதை எடுத்தாலும் மரியாதைக்குரிய 'அர்' விகுதி. ஆணும் அதில் அடக்கம், பெண்ணும் அடக்கம். ஒரே ஒரு இடத்தில்தான் இடறுகிறது: 'குடிமகன்'. அதில் மகன் இருக்கிறான், மகளைக் காணோம். போதாக்குறைக்கு, இப்போதெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டால் சாராயக் கடை வாசல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 'குடிமக்கள்' என்று பன்மையாகச் சொல்லிவிட்டால் இரண்டு தொல்லையும் ஒழியும்.

இன்னொரு லாபமும் நமக்கு உண்டு. அரசியல் சட்டத்தின் முகப்புரை இங்கிலீஷில் 'வி' என்ற பிரதிப்பெயரோடு ஆரம்பிக்கிறது. அந்த 'வி' கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறதா, ஒதுக்கி வைக்கிறதா என்று இங்கிலீஷில் கண்டுபிடிக்க முடியாது. தமிழில் 'நாங்கள்' என்றால் நீங்கள் சேர்த்தியில்லை. 'நாம்' என்றால் நீங்களும் சேர்த்தி. கல்யாணத்துக்கு, "நாங்கள் போகிறோம்" என்று ஓரகத்தி சொன்னால் உங்களுக்குச் சுருக்கென்று தைக்கிறதே, அந்த வித்தியாசம்தான். முகப்புரையின் தமிழில் போட்டிருப்பது 'நாம்'.

பெண்ணுக்கு வீட்டுப் பாடமாக ஒன்று கொடுக்க ஆசைப்பட்டால், ஓட்டு மெஷினின் கடைசிப் பொத்தானைக் கொடுங்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு வந்த 'நோட்டா' அது. 'நன் ஆஃப் தி அபவ்' என்ற நாலு வார்த்தைகளின் முதல் எழுத்துக்கள். 'நன்' என்பது பிரதிப்பெயர், 'ஆஃப்' ப்ரிபொசிஷன், 'தி' ஆர்ட்டிகிள். 'அபவ்' என்பதைத் தனியாகக் கேட்டால் ப்ரிபொசிஷன் என்பாள், அல்லது அட்வெர்ப் என்பாள். முன்னால் 'தி' நிற்பதைக் காட்டுங்கள். அங்கே அது பெயர்ச்சொல்லாக வேலை பார்க்கிறது என்பதைத் தானே கண்டுபிடித்துவிடுவாள். நாலும் சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்ததும் என்ன ஆயிற்று? நாலாம் வேற்றுமை உருபைக் கட்டிக்கொண்டு, "நோட்டாவுக்குக் குத்திட்டு வந்தேன்" என்று குழாயடியில் பேச்சாகிவிட்டது.